பாலத்துக்குச் சரித்திரம் தேடினோம்

பாலத்துக்குச் சாயம் அடிப்பவனை அந்தப் பக்கம் போகிற எவனும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சட்டையில் சொட்டினால்தான் பார்ப்பான். ஏணியேறிப் பிழைத்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். எண்பதுகளில், மலேசியாவின் ஈப்போவுக்கு வடக்கே அணைக்கட்டு ஏரிமேல் நின்ற இரும்புப் பாலத்தில் எனக்கு வேலை. பக்கத்தில் புதுக் கான்கிரீட் பாலம் எழும்பிவிட்டது. பழசுக்கு ஏதாவது சரித்திரம் இருந்தால் விட்டுவைப்பார்களாம், இல்லாவிட்டால் உடைப்பார்களாம். உடைத்தால் என் வேலையும் போகும், பாலத்தடியில் கொடுத்த வீடும் போகும்.

காதர் அண்ணே கடையில்

எங்களை வேலை வாங்கும் மண்டோர் மாணிக்கமும் நானும், பாலத்து முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் அண்ணேயிடம் போனோம். இங்கே பெரிய சண்டை ஏதாவது நடந்ததா என்று மண்டோர் ஆசையோடு கேட்டார்.

"சண்டையா? ஒரு லோரி போற அகலந்தான். எதிரெதிரா ரெண்டு வந்தா, எவன் ரிவர்ஸ் எடுக்கிறதுன்னு தெனமும் சண்டை. கத்திக் களைச்சு ரெண்டு பேரும் இங்கதான் தே தாரிக் குடிப்பானுங்க. இதுக்கு மேல என்ன சரித்திரம் வேணும்லா?"

முதல் தூண்

சரித்திரம் இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி வருகிறார், பாலம் பளிச்சென்று இருக்கட்டும் என்றார் மண்டோர். கரையோரமிருந்த முதல் தூணைச் சுரண்டி, துருப்பிடிக்காமலிருக்கச் சிவப்பு அடிச்சாயம் பூசினேன். மேலே சாம்பல் நிறம் அடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஆட்கள் புது லோரி வாங்கினால் அந்தத் தூணடியில்தான் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். மறுநாள் போனால் தூணுக்கு மாலை, சூடம், வாழைப்பழம். பக்கத்து ரப்பர் தோட்டத்து அஞ்சலை அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சாம்பல் நிற டின்னைத் திறந்ததும் பாய்ந்து வந்தார்.

"முனியாண்டி செந்தூரம் பூசி நிக்கிறாரு. மேல அடிச்ச, கண்ணு அவிஞ்சிரும், பாத்துக்க!"

அதிகாரி வந்தார்

ஈப்போ அதிகாரி நம்மவர்தான். கூட்டத்தைப் பார்த்து அசந்துபோனார். சாமி எத்தனை காலமாக இருக்கிறது என்று கேட்டார். பாட்டன் காலத்திலிருந்து என்றார் அஞ்சலை அக்கா. பாலமே உங்களைவிட இளசாயிற்றே அம்மா என்றார் அவர். அக்கா அசரவில்லை.

"பாலம் பிற்பாடு வந்துச்சுங்கையா. சாமி முன்னயே வந்து காத்துக்கிட்டு நின்னுச்சு."

தீர்ப்பு

பாலத்தை உடைக்க வேண்டாம் என்று முடிவானது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரமே சாம்பல் நிற டின்னோடு இரண்டாவது தூணில் ஏறினேன். கீழே நின்று அதிகாரி கைதட்டிக் கூப்பிட்டார்.

"எறங்குங்க தம்பி. இது இப்ப சரித்திரச் சின்னம், இனிமே யாரும் சாயம் அடிக்கக்கூடாது. உங்களை லகாட் ஊருக்கு மாத்தியாச்சு, வீட்டையும் காலி பண்ணிடுங்க."

இப்போது லகாட்டில் ரோட்டுக்கு வெள்ளைக்கோடு போடுகிறேன். இதிலும் யாருக்காவது சரித்திரம் தென்பட்டால், புண்ணியமாய்ப் போகும், வாயைத் திறக்காதீர்கள்.