பஸ்ஸில் ஏறாமல் போன என் மகள்

கர்த்தருக்குள் பிரியமானவங்களே, என் மகள் எஸ்தருக்குத் திக்குவாய். 1979-ல அவளுக்குப் பத்து வயசு. கோலா கங்சார் பக்கத்துல இருந்த ரப்பர் தோட்டத்தை விட்டு அப்பத்தான் டவுன் பக்கம் புந்தோங்குக்குக் குடிவந்திருந்தோம். ஸ்கூல் பஸ்ஸுல மூணு பெரிய பொம்பளப் பிள்ளைங்க வழிய மறிச்சு, பேரச் சொன்னாத்தான் உக்காரலாம்பாங்களாம். அவ திக்கத் திக்கச் சிரிப்பாங்களாம். தினமும் நின்னுக்கிட்டேதான் போயிருக்கா.

எனக்குத் தெரிஞ்சப்ப, வம்பு வேண்டாம், பேசாம இருந்துடுன்னேன். தோட்டத்துல கணக்கெழுதி எங்கள மேய்க்கிற கிராணி முன்னாடி நான் அப்படித்தான் இருந்தேன். அதையே பிள்ளைக்கும் கொடுத்தேன்.

ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம் பஸ் வந்துச்சு. எஸ்தர் இறங்கல.

"பிள்ளை ஏறவே இல்லலா, அக்கா"ன்னாரு டிரைவர் முத்து.

வீட்டுக்காரர் லோரி ஓட்டிக்கிட்டு வெளியூரு, தெலுக் இந்தானுக்குப் போயிருந்தாரு. வெறுங்காலோட மெயின் ரோட்டுல ஓடினேன். லோரிங்க உரசுற மாதிரி போகுது. ஆண்டவரே, என் பிள்ளையக் காட்டுங்க. வேற ஜெபமே வரல.

ரெண்டு மைல் தாண்டி, ரோட்டோரமா தனியா நடந்து வந்துக்கிட்டிருந்தா. கட்டிப் பிடிச்சேன். ஏன் பஸ்ஸுல வரலன்னு கேட்டேன்.

"நீ... நீதானம்மா பேசாம இருக்கச் சொன்ன. பேசாம நடந்து வந்துட்டேன்."

வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையிலயே முழங்கால் போட்டேன். அதுவரைக்கும் அவ திக்குவாயைத்தான் மாத்தச் சொல்லி ஜெபிப்பேன். அன்னிக்கு, என் வாயைத் திறங்க ஆண்டவரேன்னு அழுதேன்.

மறுநாள் காலையில நானும் பஸ்ஸுல ஏறினேன். மூணு பேருல பெரியவ, கலா, வழியில நின்னா. அறையக் கை வந்துச்சு. அறையல. எங்கிருந்தோ ஒரு நிதானம் வந்துச்சு.

"இவ பேர இவளே சொல்லுவா. சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் சிரிக்கக் கூடாது"ன்னேன்.

முத்து இஞ்சினை நிறுத்திட்டாரு.

எஸ்தர் ஆரம்பிச்சா. வரல. என்னைப் பார்த்தா. நான் எடுத்துக் கொடுக்கல, உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். மறுபடி ஆரம்பிச்சு, பேரை முழுசாச் சொன்னா. அப்புறம் யாரும் கேக்காமலே, "நா... நான் உக்காரணும்"னா.

கலா நகர்ந்தா.

ஒரே நாள்ல எல்லாம் சரியாகல. ரெண்டு தடவை பெரிய வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். கலாவோட அம்மாகிட்டயும் சண்டையில்லாம பேசினேன். திக்குவாய் இன்னும் இருக்கு. ஆனா எது நடந்தாலும் அன்னிக்கே என்கிட்ட வந்து சொல்லிடுவா. இப்ப, எண்பத்தஞ்சுல, ஞாயிறு பள்ளிச் சின்னப் பிள்ளைங்களுக்குக் கதை சொல்றது அவதான்.

உங்க பிள்ளை திடீர்னு அமைதியாயிட்டா, அடக்கம்னு நினைச்சுடாதீங்க. பக்கத்துல உக்காந்து கேளுங்க. என்ன பேசுறதுன்னு தெரியலன்னா கர்த்தர்கிட்ட கேளுங்க. தலை நிமிர்ந்து யார்கிட்டயும் பேசியறியாத எனக்கே அவர் வார்த்தை கொடுத்தாரு. உங்களுக்கும் கொடுப்பாரு.