முட்டைப் பந்தும் மூத்த அண்ணரும்

“அமெரிக்காவிலை உங்கட சொந்தத்துக்கை ஒரு பொடியன் இருக்கிறானாமே… நேற்றுப் பிறந்தநாளாம். நல்ல உயரம். கலியாணம் முடிச்சிட்டானோ?”

சிசிலியில், பகேரியாவிலிருந்து பலெர்மோ வரும் ரயிலில் என் பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு புஷ்பம் மச்சாள் இப்படிக் கேட்டார். மச்சாள் என் கணவருக்கு ஒன்றுவிட்ட அக்கா. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். அந்த வேலையில் இறங்கிய தாய்மாருக்கு உலகமே ஒரு மணவறைதான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் சொந்தத்தில் உயரமானவர்கள் கிடையாது. மச்சாள் போனை நீட்டினார். குடும்ப வாட்ஸ்அப் குரூப். அதில் ஒரு படம். தோளில் தலையணை கட்டியதுபோல ஓர் ஆள். தலையில் ஹெல்மெட், முகத்துக்குக் கம்பி வலை. கீழே என் கணவர் எழுதியிருந்தார்: ‘இன்று எங்கள் குவாட்டர்பேக் தம்பிக்குப் பிறந்தநாள்!’

“மச்சாள், இது எங்கட ஆள் இல்லை. அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுறவர்.”

“பின்னை ஏன் தம்பி குடும்பக் குரூப்பிலை போட்டவன்?”

நியாயமான கேள்வி.

என் கணவர் யோகநாதனை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — பலெர்மோவின் சீசா பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் போர்த்தியேரே வேலை. அதாவது வாசல் பார்ப்பார், படி கழுவுவார், தபால் வாங்கி வைப்பார், நாலாம் மாடி சின்யோராவின் நாய்க்குட்டி ஓடினால் பிடித்தும் கொடுப்பார். விளையாட்டு என்றால் கிரிக்கெட். அதிலும் ஸ்கோர் கேட்பதோடு சரி.

அப்படிப்பட்டவர் திடீரென்று ஒவ்வொரு மத்தியானமும் அமெரிக்கக் கால்பந்தின் வரலாற்றைக் குரூப்பில் போட ஆரம்பித்திருந்தார். இன்று இந்த வீரர் பிறந்தார், இதே நாளில் அந்த ஆட்டம் நடந்தது… பந்து முட்டை வடிவம். பெயர் கால்பந்து — ஆனால் பெரும்பாலும் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். யார் வைத்த பெயரோ?

குடும்பம் என்ன செய்தது? வாழ்த்தியது! எங்கள் ஆட்கள் படம் பார்ப்பார்கள், பூங்கொத்து அனுப்புவார்கள், எழுதியதை மட்டும் வாசிக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சித்தி ஒருவர், பாட்டன் காலத்திலேயே செத்துப்போன வீரர் ஒருவருக்கு ‘நீடூழி வாழ்க மகன்’ என்று போட்டார். லண்டன் மாமா கேக் படம் அனுப்பினார். யாரோ ஒரு பாட்டு வேறு.

முதலில் கவனித்தது என் மகள் மதுரா. பலெர்மோவில் பிறந்தவள். தமிழைச் சிசிலிக்காரர் மாதிரிக் கையை ஆட்டி ஆட்டித்தான் கதைப்பாள்.

“அம்மா, அப்பா போடுறது எல்லாம் பிழை. நான் செக் பண்ணினனான். ஒரு ஆளுக்கு ரெண்டு தரம் பிறந்தநாள் வந்திட்டுது. மா தாய், இதென்ன கதை! டீமிலை ஒன்பது பேராம். பதினொரு பேர் அம்மா!”

“அப்பா வாசிச்சதை மாறி எழுதியிருப்பார்.”

“பனிப்புகார் மூடின மட்ச்சை பாதியிலை நிப்பாட்டினதாம். நிப்பாட்டேல்லை. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியேல்லை, எண்டாலும் கடைசி வரைக்கும் விளையாடினவை. நெட்டிலை இருக்கு. அப்பா அதை வாசிச்சிட்டு, வேணுமெண்டு மாத்தி எழுதுறார்.”

வேணுமெண்டா?

அன்று பின்னேரம் அவர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நேராகவே கேட்டேன். “இஞ்சேருங்கோ, ஏன் இப்பிடிப் பொய் எழுதுறீங்கள்?”

மனிதர் கத்தியை வைத்தார். கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட வசதியான நேரம்.

“அண்ணைக்காக,” என்றார்.

அண்ணை — என் கணவரின் ஒரே அண்ணர், சிவநாதன். அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கிறார். பனி கொட்டும் ஊர். அங்கே போன நாளிலிருந்து இந்த முட்டைப் பந்தில் பைத்தியம். வாட்ஸ்அப்பில் அவருடைய படமே தன் ஊர் அணியின் ஊதாக் கம்பளித் தொப்பியோடுதான். அண்ணரும் தம்பியும் பேசி வருடக்கணக்காகிவிட்டது.

மாமனார் இறந்தபோது நடந்தது அது. அண்ணர் உடனே யாழ்ப்பாணம் பறந்துவிட்டார். இவரால் முடியவில்லை. பெர்மெசோ, அதாவது இத்தாலியில் இருப்பதற்கான அனுமதி அட்டை, புதுப்பிக்கக் கொடுத்து குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் கிடந்தது. பழைய அட்டையும் இல்லை, புதியதும் இல்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர வழியிருக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. இதே சமையலறையில் இருந்துகொண்டு, தகப்பனின் இறுதிக் கிரியையைப் போன் திரையில் பார்த்தார். இடையில் அண்ணர் போனை வாங்கி, செத்த வீட்டுச் சனத்துக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: “மனமிருந்தால் வந்திருப்பாய்.”

இவர் போனை வைத்துவிட்டார். பிறகு எடுக்கவும் இல்லை. அவரும் எடுக்கவில்லை. முதலில் யார் எடுப்பது? நம் குடும்பங்களில் பாதிச் சண்டை இந்த ஒரு கேள்வியில்தானே உயிர் வாழ்கிறது!

“பொங்கலுக்கு வாழ்த்துப் போட்டுப் பாத்திட்டன். மதுரான்ர பரீட்சை முடிவு போட்டன். அண்ணை பாக்கிறார், ஒண்டும் எழுதுறாரில்லை,” என்றார் இவர். “ஆனால் ஒண்டு… அவருக்குப் பிழையைக் கண்டால் வாய் சும்மா இராது. உமக்குத் தெரியும்தானே.”

தெரியும். எங்கள் கல்யாணத்தில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, “ஐயா, ஒரு வரி விட்டிட்டீங்கள்,” என்று எழுந்து நின்று திருத்திய மனிதர் அவர். ஐயர் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். எங்களுக்கு ஒன்றரைக் கல்யாணம் ஆன கதை அது.

ஆக, இவர் தூண்டில் போட்டிருக்கிறார். புழுவுக்குப் பதில் பிழை!

அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் மூவரும் கூட்டுக் களவாணிகள் ஆகிவிட்டோம். உண்மையை மதுரா தேடித் தருவாள். அதை எப்படிக் கெடுப்பது என்று சாப்பாட்டு மேசையில் ஆலோசனை நடக்கும். ‘இந்த விளையாட்டில் பந்தை முன்னால் எறிவது தடை’ என்று ஒருநாள் போட்டோம். கிரிக்கெட்டில் மட்டையே கிடையாது என்று சொல்வதற்குச் சமமாம் அது. டொரோண்டோவில் இருக்கும் இவருடைய ஒன்றுவிட்ட அண்ணரின் மகன் தாங்க முடியாமல் ‘சித்தப்பா, இது…’ என்று எழுதத் தொடங்கிவிட்டான். இவர் பாய்ந்து அவனுக்குத் தனியாகப் போன் அடித்தார். “தம்பி, நீ கெட்டிக்காரன். ஆனா இப்ப சும்மா இரு. கேட்டியே?”

அண்ணர் ஒவ்வொரு போஸ்ட்டையும் பார்த்தார். குரூப்பில் யார் பார்த்தார்கள் என்று தட்டினால் தெரியும் அல்லவா? சித்திமாரை முந்திக்கொண்டு அந்த ஊதாத் தொப்பிதான் முதலில் வந்து நிற்கும். பார்ப்பார். போவார். ஓர் எழுத்து கிடையாது.

இவர் வாடத் தொடங்கினார். படி கழுவும்போது வாளியை வைத்துவிட்டுப் போனைப் பார்க்கிறார் என்று நாலாம் மாடி சின்யோரா என்னிடமே முறையிட்டார். “உன் கணவருக்கு வேறு பெண் சகவாசமா?” என்றார் இத்தாலியனில். “இல்லை சின்யோரா, மூத்த அண்ணன்,” என்றேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒருநாள் இவர் சொன்னார், “இனிப் போடேல்லை. அவர் மறந்திட்டார். இது எனக்கும் வெக்கம்.”

“அப்பா, ஒண்டே ஒண்டு,” என்றாள் மதுரா. “லூல்திமா. கடைசி.”

அவள் கண்டுபிடித்த ஆட்டம் இது. பழைய காலத்தில் நடந்தது. அண்ணர் இருக்கும் ஊரின் அணி. அதில் ஒரு தடுப்பாட்டக்காரர், மிகவும் கெட்டிக்காரர். எதிரணிக்காரர் கையிலிருந்து நழுவிய பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார்… ஓடினார்… மைதானத்தின் மறுகோடி வரைக்கும் ஓடினார். ஒருவரும் துரத்தவில்லை. எல்லையைத் தாண்டியதும் சந்தோஷத்தில் பந்தை வீசி எறிந்தார். எதிரணிக்காரர் ஒருவர் வந்து கட்டிப்பிடித்து நன்றி சொன்னபோதுதான் விளங்கியது. ஓடியது தன் சொந்தப் பக்கத்துக்கு! எதிரணிக்கு இரண்டு புள்ளி தானம்.

இதை அப்படியே எழுதி, கடைசியில் ஒரே ஒரு பொய் சேர்த்தார் இவர்: ‘இந்த ஒரு பிழையால் அந்த அணி ஆட்டத்தில் தோற்றது.’

ஞாயிற்றுக்கிழமை. புஷ்பம் மச்சாள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. நண்டுக் குழம்பு. இவர் கையெல்லாம் குழம்பு. மேசையில் கிடந்த போன் ஒலித்தது. மதுரா எட்டிப் பார்த்தாள். அப்படியே கத்தினாள், “பெரியப்பா!”

குரூப்பில் ஒரு வரி. ‘பிழை. தோற்கேல்லை. அண்டைக்கு அந்த டீம் வெண்டது.’

இவர் கை கழுவவில்லை. சுட்டுவிரலைச் சட்டையில் துடைத்துவிட்டு எழுதினார்: ‘இல்லை அண்ணை. தோற்றதுதான்.’

“ஐயோ, ஏனப்பா சண்டை பிடிக்கிறீங்கள்?” என்றேன்.

“சரி எண்டு சொன்னால் அவர் போயிடுவார்!”

போன் அடித்தது. குரூப் அல்ல, நேரடி அழைப்பு. இவர் பல்கனிக்கு ஓடினார். நாங்கள் எல்லோரும் கதவருகில் ஒட்டிக்கொண்டோம். நண்டு ஆறட்டும்.

அண்ணரின் குரல் போனைத் தாண்டிக் கேட்டது. “டேய், உனக்கு அந்தப் பந்தை எப்பிடிப் பிடிக்கிறது எண்டாவது தெரியுமே? என்ர டீமைப் பற்றி நீ கண்டபாட்டுக்கு எழுதுவியே? அவன் பிறகும் விளையாடினவனடா! ஒரு பிழையோடை ஒருத்தன்ர ஆட்டம் முடிஞ்சு போறேல்லை!”

இவர் “ஓம் அண்ணை… ஓம் அண்ணை…” என்றார்.

பிறகு அண்ணரின் குரல் தாழ்ந்துவிட்டது. ஆனால் பல்கனி சின்னது, எங்களுக்குக் காது பெரியது.

“உன்ர பேப்பர் இப்ப சரியே?”

“சரி அண்ணை. நீண்டகாலக் கார்ட் கிடைச்சிட்டுது.”

“ம்… அண்டைக்கு உன்ர பேப்பர் அங்கை கிடந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான். அப்பா போன கோவம். ஆரிலை காட்டுறது?”

இவர் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த முறை வெங்காயம் இல்லை.

அண்ணர் போன வாரம் பலெர்மோ வந்தார். விமான நிலையத்தில் பெரிய கட்டிப்பிடிப்பு இருக்கும் என்று மதுரா வீடியோ எடுக்கத் தயாராக நின்றாள். ஒன்றுமில்லை. “மெலிஞ்சு போனாய்,” என்றார் அவர். “நீங்கள் கொழுத்துப் போனீங்கள்,” என்றார் இவர். பெட்டியை யார் தூக்குவது என்று இருவரும் இழுபறிப்பட்டார்கள். அந்த இழுபறியிலேயே கை கோத்துக்கொண்டதை வீடியோ பிடித்துவிட்டது.

அன்று சாப்பாட்டில் மதுராவால் ரகசியத்தை வைத்திருக்க முடியவில்லை. “பெரியப்பா, உங்களுக்குத் தெரியுமே? அப்பா வேணுமெண்டுதான் பிழை பிழையாப் போட்டவர். நீங்கள் திருத்தோணும் எண்டு.”

நான் அவளைக் கிள்ளுவதற்குள் எல்லாம் சொல்லிவிட்டாள். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணர் சோற்றைக் குழைத்தபடியே சொன்னார்:

“முதல் கிழமையே தெரியும். தற்செயலா ஒருத்தன் இவ்வளவு பிழை விடேலாது.”

“அப்ப ஏன் பெரியப்பா பதில் போடேல்லை?”

“திருத்தினால் கொப்பர் நிப்பாட்டிப் போடுவார் எண்டு நினைச்சன். அங்கை எனக்குக் காலமை விடியிறதே அவன்ர பிழையோடைதான். தேத்தண்ணியை வைச்சுக்கொண்டு முதலிலை அதைத்தான் பாப்பன். சிரிச்சு அலுத்துத்தான் வேலைக்குப் போறது.” கொஞ்சம் குழம்பு விட்டுக்கொண்டார். “ஆனா என்ர டீம் தோத்தது எண்டு போட்டான் பாரும்… அதை மட்டும் ஏலாமப் போச்சு.”

யார் யாருக்குத் தூண்டில் போட்டது? எனக்கு இன்னும் தெளிவில்லை. இவர் சிரிக்கத் தொடங்கினார். அண்ணரும். பிறகு இருவருக்கும் புரையேறியது. நான் தண்ணீர் ஊற்றிக் களைத்தேன்.

உறவுகளோடு அன்பாகப் பேசிப் பார்க்கிறோம். நல்ல நாளில் வாழ்த்து அனுப்புகிறோம். பதிலுக்கு ஒரு கைகூப்பும் பொம்மை வருகிறது, சில நேரம் அதுவும் வருவதில்லை. சரியானதைச் சொல்கிறவரிடம் யாருக்கு என்ன பேச்சு இருக்கிறது? பிழைவிடுகிறவரைத்தான் நம்மால் விட முடிவதில்லை.

அண்ணர் நேற்றுத்தான் திரும்பிப் போனார். போகிற வழியில், இடையில் விமானம் மாறும்போதே போன். ஆட்ட விதிகளை முதலாவதிலிருந்து ஒழுங்காகப் படிப்பிக்கப் போகிறாராம், தினமும் ஒரு மணி நேரம். இவர் கையால் போனை மூடிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“இஞ்சை பாரும்… எனக்கு இந்த விளையாட்டு துப்புரவாப் பிடிக்காது. எப்பிடிச் சொல்லுறது?”

சொல்லவே கூடாது என்றேன்!