தமிழையும் இங்கிலீஷையும் தள்ளிய பிறகு

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தபோது எங்கள் மலைப் பள்ளியில் நான்தான் முதல். ஆறாம் வகுப்பில் அங்கே சேர்ந்ததிலிருந்து அப்படித்தான். ஆசிரியர்கள் சிலர் என் பெயரை விட்டுவிட்டு ‘பஸ்ட்டு’ என்றே கூப்பிடுவார்கள். எனக்கு அடுத்த இடத்தில் எப்போதும் என் சிநேகிதி இருந்தாள். பக்கத்து ஊர்க்காரி. எனக்கு எந்தப் பாடம் பிடிக்கிறதோ அது அவளுக்கும் பிடித்துவிடும். என்னை முந்த வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததாகத் தெரியவில்லை.

வேதியியல் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பள்ளி ஆய்வகத்தில் உப்புக் கரைசல் நிறம் மாறுவதைப் பார்த்த நாளிலிருந்து வந்த ஆசை அது. விண்ணப்பம் போடும்போது அவளும் வேதியியல் என்றே எழுதினாள். “நீ எங்க போறியோ அங்கதான் நானும்” என்றாள். இரண்டு பேரும் மலைக்குக் கீழே இருக்கும் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பித்தோம்.

கலந்தாய்வு நாளில் அப்பாவும் நானும் விடிந்ததும் பஸ் ஏறினோம். சாமை விதைப்பு நேரம் அது. நிலத்தை அப்படியே போட்டுவிட்டு அப்பா வந்தார். போகும் வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், “பொண்ணு ஸ்கூல் பஸ்ட்டுங்க. காலேஜி சேக்கப் போறேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

கல்லூரிக் கூடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். சிநேகிதியும் அவள் அம்மாவும் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். எங்கள் பழங்குடிப் பிரிவுக்கு வேதியியலில் ஒரே ஒரு இடம்தான் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. என்னை முதலில் கூப்பிடுவார்கள், அவள் கணிதமோ இயற்பியலோ எடுத்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் எழுந்து மேஜைவரை போனாள். உட்காரவில்லை. அங்கே இருந்த பேராசிரியரிடம், “சார், தப்பா கூப்ட்டுட்டீங்க சார். அவதான் பஸ்ட்டு. அவளுக்கு அப்புறம்தான் நானு” என்று என்னைக் காட்டினாள். அப்பாவும் எழுந்து முன்னால் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“ஆமாங்க சார். இவதான் ஸ்கூல் பஸ்ட்டு” என்றார் அப்பா.

பேராசிரியர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகத்தான் பேசினார். “ஐயா, இங்க ஸ்கூல் ரேங்க் பாக்கறதில்லீங்க. எல்லா ஸ்கூல்லயும் ஒரு பஸ்ட்டு இருக்குது. நாங்க மார்க்குதான் பாப்போம். அதுலயும் தமிழு, இங்கிலீஷு ரெண்டையும் தள்ளிடுவோம். மீதி நாலு பாடம்தான் கணக்கு. அந்த நாலுல இந்தப் பொண்ணு மேல இருக்குது.”

“அப்ப தமிழ்ல எடுத்ததெல்லாம் இன்னா ஆவுது?” என்று கேட்டார் அப்பா.

“அது இதுக்குச் சேராதுங்க.”

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். இரண்டு மொழிப் பாடங்களிலும் அவளைவிட நான் வெகுதூரம் மேலே. மற்ற நான்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே. இத்தனை வருஷமும் என்னை முதலாவதாக வைத்திருந்தவை அந்த இரண்டு பாடங்கள்தான் என்பது அந்த மேஜைக்கு முன்னால்தான் விளங்கியது. விளங்கியதே தவிர, அழுகையோ கோபமோ எதுவும் வரவில்லை.

“சீக்கிரம் சொல்லும்மா, எடுத்துக்கறியா?” என்று அவளைக் கேட்டார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மா பின்னாலிருந்து, “சரின்னு சொல்லுடி” என்றாள். அவள் சரி என்றாள்.

என் முறை வந்தபோது கணிதத்திலும் இயற்பியலிலும் எங்கள் பிரிவு இடங்கள் போயிருந்தன. பேராசிரியர் என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, “நாளைக்குத் தமிழுக்குக் கூப்புடறாங்க. அதுக்குத் தமிழ் மார்க் மட்டும்தான். ஒனக்குக் கண்டிப்பா கெடைக்கும், வாம்மா” என்றார். தலையாட்டினேன்.

அன்றிரவு கலசப்பாக்கத்தில் அத்தை வீட்டில் தங்கினோம். “இன்னா ஆச்சு?” என்று அத்தை கேட்டாள். “கெடச்சிருச்சி” என்றார் அப்பா. எது கிடைத்தது என்று அத்தை கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள். என்ன குழம்பு என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். மறுநாள் கல்லூரிக்குப் போய், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

விடுதியில் அவளுக்கும் எனக்கும் ஒரே அறை. மூன்று வருஷமும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம், ஒரே வாளியில் துணி ஊறவைத்தோம். அந்த நாளைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவள் ஆய்வகத்திலிருந்து வரும்போது துப்பட்டாவில் ஒரு நெடி இருக்கும். முதல் வருஷம் அது எனக்குத் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. இரண்டாம் வருஷம் ஒரு தடவை, “ஏய், எம்மேல கோவமா?” என்று கேட்டாள். “இல்லியே” என்றேன். அது உண்மைதான். கோபம் என்று சொல்லும்படி எதுவும் என்னிடம் இல்லை. தமிழ் எனக்கு நன்றாகவே வந்தது. தேர்வுகளில் நல்ல மதிப்பெண் எடுத்தேன். அதற்காகச் சந்தோஷப்பட்டதாக நினைவில்லை.

அவள் இப்போது ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். நான் எம்.ஏ., பி.எட். முடித்து, படவேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு தேர்வுக்கும் நானே என் வகுப்புக்கு ரேங்க் போடுகிறேன்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா வந்திருந்தார். கரும்பு வெட்டு நடக்கும்போதே ஓடி வந்தவர். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள்.

“எட்டாவது ரேங்க்குன்றாங்க. காலேஜில சேத்துப்பாங்களா டீச்சர்?”

“ரேங்க்க காலேஜில கேக்க மாட்டாங்கம்மா. மார்க்குதான். இன்னா படிக்கணும்ன்றா?”

“இன்னாமோ கம்ப்யூட்டருன்றா.”

அந்தப் பெண்ணின் மதிப்பெண்களில் தமிழையும் ஆங்கிலத்தையும் கையால் மறைத்துக்கொண்டு மற்ற நான்கையும் கூட்டிக் காட்டினேன். மற்ற பிள்ளைகளுக்கும் அப்படியே கூட்டிப் பார்த்தபோது அவள் வகுப்பில் மூன்றாவதாக வந்தாள். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு யோசித்துவிட்டு, “அப்ப தமிழு படிக்கத் தேவையில்லீங்களா?” என்று என்னிடமே கேட்டார்.

“பாஸாவணும்மா” என்றேன். அடுத்தவர் காத்திருந்தார். உட்காரச் சொன்னேன்.