வாசலில் நின்ற தையல்காரி: மாட்டுங்காவிலிருந்து உல்லாஸ்நகர் வரை

ஒரு பழைய மெக்சிகோ படத்தின் முடிவைச் சொல்வதற்காகப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உல்லாஸ்நகர் போய்வந்தேன். போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். அவர்களுக்கு ஜொஹராவைத் தெரியாது.

ஜொஹரா என் ரயில் சிநேகிதி. நான் மாட்டுங்காவில் ஏறுவேன், அவர் அடுத்த ஸ்டேஷனான சயானில் ஏறுவார். எனக்குத் தானேயில் ஆபீஸ். அவர் கணவரை இழந்தவர், தாராவியில் மூன்று பெண்களை வைத்துத் தோல் பர்ஸ் தைக்கிறார், தானேயில் இருக்கிற கடைகளுக்குச் சரக்குக் கொடுக்க வாரத்தில் சில நாள் வருவார். பூர்வீகம் காயல்பட்டினம். எனக்கும் அவருக்கும் ஒரே வயது, ஆனாலும் அக்ரகாரம் மாதிரியான மாட்டுங்காவின் ஆள் என்பதால் நான் அவருக்கு மாமி. எங்கள் லேடீஸ் பெட்டியில் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவோம், கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக் கொடுப்போம். ஆனால் யாரும் யார் வீட்டுக்கும் போனதில்லை. ரயிலோடு சரி.

அந்தப் படத்தை மாட்டுங்காவில் ஒரு சின்ன ஹாலில் போட்டார்கள். ரயில் பயணிகளைப் பற்றிய படம் என்றதும், "அப்ப அது நம்ம படம்லா" என்று ஜொஹராவும் வந்துவிட்டார். கணவனை இழந்த ஒரு தையல்காரி, மடியில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு தலைநகரத்துக்குப் போகிறாள். வழியில் ஒரு ஊரில் அவளைத் திரும்ப அழைத்துப் போக மாமனார் குதிரை வண்டியோடு காத்திருக்கிறார். மழையில் பாலம் உடைந்து ரயில் நடுவழியில் நின்றுவிடுகிறது. ராணுவக்காரன், அதே ஊருக்குப் போகிற வாத்தியார், பணக்காரக் குடும்பம் என்று எல்லோரும் அவளுக்குப் புத்தி சொல்கிறார்கள். நான் சப்டைட்டிலைப் படித்து ஜொஹராவின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பாலம் சரியாகி ரயில் புறப்படுகிற நேரத்தில் ஜொஹராவுக்குப் போன். அவர் காக்கா, அதாவது அண்ணன், தாராவி வீட்டுக்கு வந்து காத்திருக்கிறாராம். கடைசிப் பத்து நிமிஷத்தைப் பார்க்காமலே எழுந்து போனார். அதன்பின் ரயிலில் அவரைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"மாமி, காக்கா கையோட உல்லாஸ்நகருக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. மெஷின வித்துட்டு இங்கேயே இருங்காங்க. இவுக போனதுலேர்ந்து நான் தனியா கெடக்கேன்னு அவங்களுக்கு டென்ஷன். என்ன சொல்லன்னே தெரியல. அது கெடக்கட்டும், படத்துல அவ எறங்கிட்டாளா இல்லியா?"

இறங்கிவிட்டாள். மாமனார் காத்திருக்கிற ஊரில் வண்டி நிற்கிறது, அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறாள், படம் முடிகிறது. ஹாலில் எல்லோரும் பாவம், திரும்பிப் போய்விட்டாள் என்றே பேசிக்கொண்டு வெளியேறினோம். அதை ஜொஹராவிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அவர் வராத பெட்டியில் தானே வரை போவதை நினைக்கவே பிடிக்கவில்லை. பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இனி பயணம். மாட்டுங்காவிலிருந்து உல்லாஸ்நகர் ஏறக்குறைய நாற்பத்தெட்டு கிலோமீட்டர். செகண்ட் கிளாஸ் டிக்கெட் பதினைந்து ரூபாய். 11.40க்கு அம்பர்நாத் ஸ்லோ லோக்கலில் ஏறினேன். அன்றைக்கு மெகா பிளாக். தண்டவாள வேலைக்காக ஸ்லோ வண்டியை ஃபாஸ்ட் லைனில் திருப்பிவிட்டிருந்தார்கள். சயானில் பிளாட்பாரம் எதிர்ப்பக்கம் வந்ததால், வழக்கமான வாசலில் தயாராக நின்ற பெண்கள் பையும் கையுமாக இந்தப் பக்கம் பாய்ந்தார்கள். என் காலை இரண்டு பேர் மிதித்தார்கள். தானேயைத் தாண்டியபோது ஆபீஸுக்கு மட்டம் போட்டதுபோல ஒரு குறுகுறுப்பு. கல்யாணுக்குப் பிறகு கூட்டம் கலைந்து ஜன்னல் கிடைத்தது. 1.15க்கு இறங்கினேன். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

காக்காவின் பேக் கடைக்கு மேலேயே வீடு. எனக்காகத் தேங்காய்ச் சோறும் கத்தரிக்காய் மாங்காயும் செய்திருந்தார்கள். காக்கா நல்ல மனிதர், என் தட்டையே பார்த்துப் பார்த்துப் பரிமாறச் சொன்னார். "தாராவில இவ மட்டும் கெடந்து எதுக்கு லோல்படணும்? இங்க என்ன கொற, நீங்களே சொல்லுங்க" என்றார். குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் இன்னும் வருத்தமாக இருந்தது.

அவர் கடைக்கு இறங்கிப் போனதும் ஜொஹரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இப்பச் சொல்லுங்க. எறங்கிட்டாளா?"

பொய் வரவில்லை. "எறங்கிட்டா ஜொஹரா. வாசல்ல போய் நின்னா, அதோட படம் முடிஞ்சுடுத்து."

அவர் முகம் வாடிவிட்டது. பிறகு, "எந்தப் பக்க வாசல்?" என்றார்.

"என்னது?"

"வாத்தியாரும் அந்த ஊருதானே. அவரு எறங்குன பக்கமா, மத்த பக்கமா?"

கண்ணை மூடி யோசித்தேன். வாத்தியார் இறங்கும்போது பிளாட்பாரமும் குதிரை வண்டியும் தெரிந்தன. அவள் நின்ற வாசலுக்கு வெளியே வெறும் பொட்டல்வெளி. "மத்த பக்கம்" என்றேன்.

"அரே, பிளாட்பாரம் இல்லாத வாசல்ல எறங்கப்போறவ எதுக்கு நிக்கா? அவ அடுத்த ஸ்டேஷனுக்குல்லா நிக்கா! நீங்க முந்தின ஸ்டேஷன் முலுண்ட் வந்ததுமே தானேக்கு எந்திரிச்சு நிப்பீங்கள்லா, அது மாதிரி."

"அந்த ஊர்ல இப்படியெல்லாம் முன்னாடியே நிப்பாளா?"

"லக்கேஜ் வச்சிருக்கவ எந்த ஊர்னாலும் முன்னாடியே நிக்கத்தான் செய்வா" என்று சொல்லிச் சிரித்தார். படத்தில் அவளுக்கு அடுத்த ஸ்டேஷன் எது, அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. நான் பார்த்தது உண்மையிலேயே பொட்டல்வெளிதானா, பார்க்க ஆசைப்பட்டேனா என்பதும் இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஸ்டேஷன் வரை வழியனுப்ப வந்த ஜொஹரா, தன் முடிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உல்லாஸ்நகர் போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறானால் மெகா பிளாக் உண்டா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும்போது நான்கு மணிக்குள் ஏறிவிடுங்கள். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இந்த ஊரில் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். ரயில் சிநேகிதியின் வீட்டுக்கு ஒருமுறையாவது போங்கள். நான் எட்டு வருஷம் போகாமல் இருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் முழுக்க ஒரு செய்தியும் இல்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை மாட்டுங்காவில் ஏறினேன். மனசு கேட்காமல் பக்கத்து சீட்டில் பையை வைத்தேன். ஆளுக்கே இடமில்லை, பைக்கு சீட்டா என்று இந்தியிலும் மராத்தியிலும் வசவு விழுந்தது. ஒரே ஒரு ஸ்டேஷன்தான், பொறுங்கள் என்றேன். சயான் வந்தது. முட்டி மோதி ஏறியவர்களுக்கு நடுவே, நெஞ்சோடு அணைத்த பர்ஸ் மூட்டைக்கு மேலே அந்த முகம் தெரிந்தது.

"பைய எடுங்க மாமி, ஜல்தி" என்றார்.