நிறுத்துக் கொடுத்த பெட்டி

மேரி பாக்கெட் பால் வாங்கினால் முதலில் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பாள். புளியை நடுவில் பிளந்து பார்ப்பாள். தையல்காரர் ரவிக்கையைக் கொடுத்தால், "வெட்டுத் துணி எங்கப்பா?" என்று கேட்டு வாங்கி, துண்டுகளைத் தரையில் பரப்பி ஒட்டவைத்துப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பாள்.

பிள்ளையார்பாளையத்தில் முப்பது வருஷம் பட்டு நூல் சுற்றியவள் அவள். முதலாளி வீட்டில் நூலை நிறுத்துக் கொடுப்பார்கள். சுற்றி முடித்ததும் அறுந்த இழை, சிக்கு எல்லாம் சேர்த்து நிறுத்து வாங்குவார்கள். பத்து கிராம் குறைந்தால் முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். அப்படி உதறி உதறிப் பழகியவளுக்கு, ஊரில் எல்லார் மடியிலும் ஏதோ ஒளிந்திருப்பதாகவே தோன்றும்.

கார்கில் சண்டை முடிந்த மறு வருஷம் அவள் புருஷன் ஹவில்தார் சவரிமுத்து செத்துப் போனார். பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்தது நாலு பதக்கமும் ஒரு தேவதாரு மரப் பெட்டியும். பதான்கோட்டில் செய்த பெட்டி. கறுப்பு மூடியில் வெள்ளை எழுத்தில் அவருடைய எண்ணும் பேரும். பிள்ளைகளும் நாலு பேர். மூத்தவன் ஆவடியில், அடுத்தவள் மேரியின் அண்ணன் மகனையே கட்டிக்கொண்டு வாலாஜாவில், கடைசி இரண்டும் இங்கேயே, ஒரே தெருவில், பேச்சுவார்த்தை இல்லாமல். பெட்டி எனக்கு, உனக்கு என்று இழுபறி ஆனதும் மேரி ஒரு முடிவுக்கு வந்தாள். கோயிலில் அவர் பேருக்கு வைக்கிற முதல் வருஷப் பூசைக்குள் அதைப் பிரித்து நாலு சின்னப் பெட்டியாகச் செய்துவிடுவது. ஆளுக்கு ஒன்று, உள்ளே ஆளுக்கு ஒரு பதக்கம்.

தறிச் சாமான் செய்கிற குப்புசாமி ஆசாரி வேலையை ஒப்புக்கொண்டார். அங்கேதான் மேரிக்குச் சந்தேகம் தொடங்கியது. தேவதாரு இந்தப் பக்கம் கிடைக்காத மரம். நல்ல பலகையை உருவிக்கொண்டு வேறு மரத்தைச் செருகிவிட்டால், எது அப்பன் மரம் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? ஆணியைப் பிடுங்கச் சொல்லி, பழைய பேப்பர் கடைத் தராசில் பலகைகளை நிறுத்த பிறகே ஒப்படைத்தாள். ஒன்பது கிலோ முந்நூறு.

அன்றிலிருந்து ஆசாரிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். இழைப்புளி போகிற பக்கமெல்லாம் அவள் கண்ணும் போகும். விழுந்த சுருளையும் தூளையும் முறத்தில் வாரிச் சாக்கில் கட்டிக்கொள்வாள். அவர் வெற்றிலை துப்ப எழுந்தாலும் எதற்கு எழுந்தாய் என்பாள். ஒரு நாள் ஆசாரி தும்மிவிட்டு, "என் மூக்குல பூந்த தூளு ஒரு கிராம் இருக்கும், அதையும் நிறுத்துக்கமா" என்றார். மேரி சிரிக்கவில்லை.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் கோயிலில் பூசை முடிந்து வருவதற்குள் ஆசாரி மூடியை அறுத்து, கறுப்பைச் சுரண்டித் தூளையும் குவித்து வைத்திருந்தார். அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு பெட்டியும் உருவாகி, மூடிகளை இழைத்துப் பொருத்துவதுதான் பாக்கி என்ற அன்று எல்லாவற்றையும் சுமந்துபோய் நிறுத்தாள். பெட்டி, மூடி, துண்டு, சுருள், தூள். நானூறு கிராம் குறைந்தது.

வந்து கடை வாசலில் நின்றாள். குரல் உயரவில்லை. "ஞாயித்துக்கிழம நான் பூசைக்குப் போயிக்கினு வர்றதுக்குள்ள கை வெச்சிருக்குற. எடுத்துக் குடு ஆசாரி."

ஆசாரி மறுக்கவில்லை. கருவிப் பைக்குள் கைவிட்டு, துண்டில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்தார். மூடியின் நடுப்பலகை. கறுப்பு அப்படியே இருந்தது. வெள்ளை எழுத்தும் அப்படியே. மேரிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அந்த எழுத்து தெரியும்.

"நாலா அறுத்தா அவரு பேரும் நாலா போயிடும்மா. கை வரல. புள்ளைங்களுக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணு ஆச்சு, உனுக்குன்னு ஒண்ணும் இல்லியே. வேல முடிஞ்சதும் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

மேரி நம்பவில்லை. பலகையை வாங்கிக்கொண்டு மறுபடி பேப்பர் கடைக்கு நடந்தாள். தராசு நானூறு காட்டியது. எடுத்துவிட்டு இன்னொரு தரம் வைக்கச் சொன்னாள். நானூறுதான்.

திரும்பி வந்தபோது ஆசாரி மூடி ஒன்றை இழைக்க ஆரம்பித்திருந்தார். மேரி பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முக்காலியைத் தூக்கினாள். தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.