நல்ல தண்ணீர்க் குழுவின் மதிய உணவு

காலை ஆறு இருபதுக்கு நான் அக்காவின் கிணற்றடிக்குப் போனபோது முதலில் கண்டது ஓர் இறைப்பு மெசினை. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய மெசின். அதன் குழாயை ஏற்கெனவே கிணற்றுக்குள் இறக்கியிருந்தார்கள். கிணற்றுக் கட்டுக்கு மேலே, இரண்டு பூவரச மரங்களுக்கு இடையில் துணிப் பதாகை கட்டியிருந்தது: "நல்ல தண்ணீரைக் காப்போம்: மும்மதங்களின் கூட்டு முயற்சி." பதாகைக்குக் கீழே அக்கா வாளியோடு நின்றார்.

அது போர் நின்றிருந்த சமாதான காலம். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், கரம்பொனுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் கிணறுகள் ஒவ்வொன்றாக உவராகிக்கொண்டிருந்தன. தீவில் நல்ல தண்ணீர் என்பது நிலத்துக்குக் கீழே கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. வாளியால் அள்ளினால் தாங்கும். மெசின் வைத்து இழுத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். மாரி மழை பொய்க்கத் தொடங்கிய பிறகு உப்பு இன்னும் வேகமாக ஏறியது. காலநிலை மாறுகிறது என்று பங்குத்தந்தை பூசையில் சொன்னார். கலி முற்றுகிறது என்று கோயிலில் சொன்னார்கள். நயினாதீவு பௌத்த விகாரையின் கிணறும் கரிக்கிறது என்று அங்கிருந்து செய்தி வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனம் மூன்று தரப்பையும் ஒரே மேசையில் இருத்தி, ஒரு குழுவையும் அந்தப் பதாகையையும் கொடுத்தது.

குழு ஒரு நல்ல முடிவை எடுத்தது. ஊரில் எந்தக் கிணற்றிலும் மெசின் வைப்பதில்லை. கோயில் ஒலிபெருக்கியில் அதைச் சொன்னவர் கோயில் தலைவர், ஓய்வுபெற்ற தபாலதிபர். ஊரார் அவரைப் போஸ்ட்மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். மீன்பிடிக் குடும்பங்களுக்குப் பங்குத்தந்தை சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படியே செய்தவர் அக்கா ஒருவர்தான்.

ஊரே அக்கா என்று கூப்பிடும் அவர் கணவரை இழந்தவர். வெளிநாட்டுக் காசு வராத வீடு. வருமானம் என்றால் கிணற்றைச் சுற்றியிருந்த மிளகாய்த் தோட்டம் மட்டுமே. மெசினை விற்றுவிட்டு, தை மாதம் நட்ட கன்றுகளுக்குக் காலையும் மாலையும் வாளியால் இறைத்தார். சித்திரையில் செடிகள் பூத்துப் பிஞ்சு விட்டிருந்தன. ஊரில் உவராகாமல் மிஞ்சிய ஒரே கிணறும் அதுதான். ஆகவே குழுவின் தொடக்க விழாவுக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பாராட்டும் சமையலும் அங்கேயே என்று முடிவாயிற்று. உவர்த் தண்ணீரில் பருப்பு அவியாது.

சிக்கல் மரியாதையிலிருந்து வந்தது. பிக்கு பன்னிரண்டு மணிக்குப் பிறகு சாப்பிடமாட்டார். கோயில் ஐயர் பார்த்த நேரத்தின்படி எட்டு மணிக்கு முன் அடுப்பு மூட்டக்கூடாது. பொங்கலுக்கு முதல்நாள் தண்ணீர் ஆகாது. கத்தோலிக்கக் குடும்பங்கள் சைவச் சாப்பாட்டுக்கு மனமுவந்து சம்மதித்ததோடு, தங்கள் பெரிய கிடாரங்களையும் கொண்டுவந்திருந்தன. அவற்றில் பெருநாளுக்கு மீன் காய்ச்சியிருந்தார்கள். மற்றவர்கள் மனம் கோணக்கூடாது என்று அந்தப் பெண்கள் ஒவ்வொரு கிடாரத்தையும் மும்முறை கழுவினார்கள். யாரும் கேட்கவில்லை. கழுவியதும் நல்ல தண்ணீரில்தான்.

"மெசின் வேண்டாம் எண்டு நீங்கள்தானே போஸ்ட்மாஸ்டர் ஐயா ஒலிபெருக்கியிலை சொன்னனீங்கள்?" என்று அக்கா கேட்டார்.

"ஓம் பிள்ளை. அது சனத்துக்கு. இது குழுவின்ரை வேலை."

"கிணத்துக்கு அது தெரியுமோ?"

"விசர்க்கதை கதையாதை. வாளியாலை அள்ளி முந்நூறு பேருக்குச் சமைக்க ஏலுமே? பன்னிரண்டுக்கு முதல் பிக்கு சாப்பிட்டு எழும்போணும்."

"அவருக்கு வேணுமெண்டால் நான் ரெண்டு குடம் அள்ளித் தாறன். மற்றவை ஆறுதலாச் சாப்பிடட்டும்."

"எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடுறது எண்டுதான் தீர்மானம்," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

பங்குத்தந்தை குறுக்கே வந்தார். நல்ல மனிதர், இரண்டு பேருக்கும் நோகாமல் பேசுவார். "அக்கா, ஒரு நாள்தானே. கடவுள் பொறுப்பார்."

"கடவுள் என்ரை மிளகாய்க்கு இறைக்க வாறேல்லை, ஃபாதர்."

கிடாரம் கழுவிய பெண்கள் சிரித்தார்கள். பங்குத்தந்தையும் சிரித்தார். யாரோ கயிற்றை இழுத்தார்; மெசின் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அக்கா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குள் போனார்.

பிக்கு பத்து மணியளவில் வந்தார். படகிலும் பிறகு வான் வண்டியிலும் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. மூவரும் குத்துவிளக்கின் திரிகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். பிக்கு சிங்களத்தில் பேச, பாடசாலை ஆசிரியர் ஒருவர் தமிழாக்கினார். தேவைக்கு மேல் ஒரு துளியும் எடுக்கக்கூடாது, எடுப்பது அடுத்து வருபவரிடமிருந்து எடுப்பதாகும் என்பது பேச்சின் சாரம். மெசின் சத்தத்தில் ஆசிரியர் கத்த வேண்டியிருந்தது. பிக்கு நடுவில் நிறுத்தி, தெரிந்த தமிழில் கேட்டார்: "அது என்ன சத்தம்?"

"சமையல் ஆயத்தம், ஹாமதுரு," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

பதினொன்றே காலுக்குச் சோறு இறங்கியது. அப்போதுதான் பிக்குவோடு வந்த உபாசகர் துணிப்பையிலிருந்து மூடிய பாத்திரம் ஒன்றை எடுத்தார். ஊருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று விகாரையிலேயே சமைத்து எடுத்து வந்திருந்தார்கள். அவர் சாப்பாடு கொண்டுவருவாரா என்று இங்கே யாரும் விசாரித்திருக்கவில்லை. பிக்கு அதை அமைதியாகச் சாப்பிட்டு முடித்து, மரியாதைக்காக ஒரு கரண்டி பொங்கல் வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் ஒன்றாக இருந்துதான் சாப்பிட்டார்கள். மூன்று மதத்தவரும் ஒரே பந்தியில் இருந்த படம் பத்திரிகையில் நன்றாக வந்தது. எல்லோரும் கைகழுவி முடியும்வரை மெசின் ஓடியது.

நாலைந்து நாட்களுக்குப் பிறகு அக்காவின் தேத்தண்ணீர் கரித்தது. அதன்பின் மிளகாய் இலைகளின் ஓரம் தீய்ந்தது, பூ கொட்டியது, பிஞ்சு சுருண்டது.

குழு அடுத்த முறை பங்கு மண்டபத்தில் கூடியபோது அக்கா ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரோடு வந்தார். பிக்கு வரவில்லை; கடல் பிழை, படகு ஓடவில்லை. போஸ்ட்மாஸ்டர் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்த்தார்.

"மெல்லிசாக் கரிக்குதுதான்."

"மழை வந்தால் சரியாகும், அக்கா," என்றார் பங்குத்தந்தை.

"மழை ஐப்பசியிலை, ஃபாதர். மிளகாய் இப்ப நிக்குது."

பேச்சு மெசினைப் பற்றி ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கடல்மட்டம், காடழிப்பு, வெளிநாட்டுத் தொழிற்சாலைகளின் புகை எல்லாம் பேசப்பட்டன. எல்லாம் சரியான தகவல்களே. முடிவில் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்: உவர்நீரால் பாதிக்கப்பட்டவர் என்ற முறையில், அடுத்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் தன் அனுபவத்தைப் பேச அக்காவை அழைப்பது.

"பேசுறன்," என்றார் அக்கா. "அதுவரைக்கும் மிளகாய்க் கண்டுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?"

அதற்கு ஓர் உபகுழு அமைக்கலாம் என்று ஆசிரியர் சொன்னார். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கி வந்த போத்தல் தண்ணீரை எல்லோருக்கும் கொடுத்தார்கள். அக்காவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவர் அதைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வைகாசி முடிய அவர் செடிகளைப் பிடுங்கி வேலியோரம் போட்டார். ஆவணியில் பக்கத்து ஊரான புளியங்கூடலில் ஒருவருடைய வெங்காயத் தோட்டத்துக்கு நாட்கூலியாகப் போய்வந்தார்.