இராஜாங்கம் அண்ணன் பிடுங்கிப் போன பியூஸ் கட்டைகள்

கீழ்வேளூரிலிருந்து தெற்கே மூன்று மைல் நடந்தால் எங்கள் தெரு வரும். முப்பத்தெட்டு வீடுகள். எல்லாரும் வேதக்காரர்கள் எனப்படும் கிறிஸ்தவர்கள், எல்லாரும் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்து பிழைத்தவர்கள். இந்தத் தெருவில் கரண்டு அடித்து இன்றுவரை ஒருவர்கூடச் சாகவில்லை. அதற்கு இராஜாங்கம் அண்ணன்தான் காரணம். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவருடைய அப்பா பண்ணையாள். அண்ணனும் எட்டு வயதிலேயே அதே பண்ணையில் மாடு மேய்க்கப் போனார். வயல்களுக்கு நடுவே கம்பம் நட்டு கரண்டு லைன் இழுக்க மின்வாரியத்தார் வந்தபோது, சேற்றில் கம்பம் சுமக்க ஆள் தேடினார்கள். அண்ணன் போனார். கம்பம் அழுத்திய தடம் கடைசிவரை அவர் தோளில் இருந்தது. கம்பம் சுமக்கப் போனவர் கம்பி இழுக்கக் கற்றுக்கொண்டார். பிறகு வீட்டுக்குள் வயரிங் செய்யவும் பார்த்துப் பார்த்தே பழகினார். பதினாறு வருடம் ஒப்பந்தக் கூலியாகவே இருந்தார். வேலை நிரந்தரமாகவில்லை. ஆனால் கரண்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் டெஸ்டர் மட்டும் சட்டைப்பையை விட்டு இறங்கியதே இல்லை.

“தாலி கட்டுறப்பவும் பையில டெஸ்டர் வெச்சிருந்தான்டி. பொண்ணைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் முடிச்சே போட்டான்” என்று ராசம்மாள் அத்தை களை எடுக்கும்போது சொல்லிச் சிரிக்க வைப்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டில் வேலை என்றாலும், முதலில் சுவரிலிருக்கும் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று யாராவது கேட்டால், “சுவிட்சு எல்லார் கைக்கும் எட்டும். என் பை எனக்கு மட்டுந்தான் எட்டும்” என்பார்.

அரசாங்கம் குடிசைக்கு ஒரு விளக்கு கொடுத்த பிறகு எங்கள் தெருவுக்கும் வெளிச்சம் வந்தது. வீட்டுக்கு ஒரே ஒரு பல்பு. கிறிஸ்துமஸ் வந்தால் அந்த ஒரு பல்பிலிருந்தே நட்சத்திரத்துக்கும் கரண்டு எடுப்பார்கள். பல்பைக் கழற்றி ரெட்டை ஹோல்டரை மாட்டி, அங்கிருந்து வாசலுக்கு வயரை இழுப்பார்கள். வயர் நாகப்பட்டினத்துப் பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கியது. அங்கங்கே ஒட்டுப் போட்டு, ஒட்டின்மேல் பாலிதீன் காகிதம் சுற்றியிருக்கும்.

வாசலில் வீட்டுத் தூணிலிருந்து பூவரச மரத்துக்குத் துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருப்போம். நட்சத்திரமும் அந்தப் பூவரசில்தான் தொங்கும். அதனால் வயரைக் கொடிக்கம்பியோடு சேர்த்து நூலால் கட்டிக்கொண்டே போவது ஆண்களுக்குச் சுலபமாக இருந்தது. ஒரு வீட்டில் கட்டினார்கள். அதைப் பார்த்து எல்லா வீட்டிலும் கட்டினார்கள்.

எண்பத்து மூன்றாம் வருடம், டிசம்பர் இருபத்து நாலு. ராத்திரி பெய்த மழை விடியும்போது விட்டிருந்தது. துவைத்த துணியை வாளியில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன அண்ணன் சத்தம் போட்டார்.

“தங்கச்சி! வாளியைக் கீழ வை. கம்பியைத் தொடாத!”

சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்து கொடிக்கம்பியில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது. உள்ளே போய் எங்கள் பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் எரிந்தது. மதியத்துக்குள் தெரு முழுக்கச் சோதித்துவிட்டார். பதினொரு கொடியில் கரண்டு ஓடியது. ஆனால் முப்பத்தெட்டு வீட்டுக் கட்டைகளையும் பிடுங்கி ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வேதக் கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

வயலிலிருந்து திரும்பிய ஆண்கள் கொதித்துப் போனார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுக்குழு வரும். நட்சத்திரம் எரியாமல் எப்படி?

போன தை அறுப்பில் கூலித் தகராறு நடந்தபோது மூன்று வாரம் எங்கள் தெரு இருட்டில் கிடந்தது. பண்ணை வீட்டார் சொல்லித்தான் லைன் போனது என்று எல்லாரும் நம்பினார்கள். அண்ணனோ பண்ணை மோட்டார் கொட்டகையிலும் பழுது பார்க்கப் போய் வருகிறவர். எங்கள் நாட்டாண்மை நல்லக்கண்ணு மாமா நேராகவே கேட்டுவிட்டார்.

“யாரு சொல்லி அனுப்புனா உன்னைய? அவன் வீட்டு மோட்டாருக்கு எண்ணெய் விட்டுட்டு எங்க வீட்டை இருட்டாக்குறியா?”

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. “கொடிக்கம்பியில கரண்டு வருது மாமா.”

“நானுந்தான் தெனம் அது அடியில குனிஞ்சு போறேன். என்னைய ஒண்ணும் அடிக்கலியே?”

“நீங்க என்னைக்கு மாமா ஈரக் கையோட கொடியைத் தொட்டீங்க?”

“வாயாடாத. பையைக் குடு.”

நாலு பேர் பையைப் பிடித்தார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். அண்ணன் விடவில்லை.

“தர்றேன். நாளைக்கு எந்த வீட்டுப் பொம்பளை விழப்போறான்னு சொல்லிட்டு வாங்கிக்குங்க.”

“எங்க வீட்டுல அப்படி எதுவும் இல்லப்பா” என்றார் என் வீட்டுக்காரர்.

பெண்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். நாலு நாளாகவே துணி போடும்போது என் விரல்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. களை எடுத்த குளிர் என்று நினைத்திருந்தேன். சபையில் பேசிப் பழக்கமில்லை. பக்கத்தில் நின்ற ஞானாம்பாள் அக்கா காதில் மட்டும் சொன்னேன்.

“அக்கா, எனக்கு நாலு நாளா கொடியைத் தொட்டா விரல்ல விறுவிறுங்குது.”

அக்காவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. “உனக்குமா? நான் நரம்புத் தளர்ச்சின்னு கசாயமில்ல குடிச்சிட்டிருக்கேன்!” என்று கத்திவிட்டார்.

எல்லாரும் திரும்பினார்கள். இன்னொருத்தி, “எனக்கும்” என்றாள். அடுத்தவளும் சொன்னாள். ராசம்மாள் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ, எனக்குப் பக்கவாதம் வரப்போவுதுன்னு மோதிரத்தைக் கழட்டி மருமவகிட்ட குடுத்திட்டேனேடா!”

எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர். பையைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின.

“ஏன் ஒருத்தரும் சொல்லல?” என்றார் நல்லக்கண்ணு மாமா.

“கேட்டவுக யாரு?” என்றார் அத்தை.

அதன்பிறகு அண்ணன் சொன்னதுதான் சட்டம். கொடியில் கட்டிய வயரெல்லாம் இறங்கியது. ஒட்டுப் போட்ட வயர் வாசலுக்கு வரக்கூடாது என்றுவிட்டார். ஒட்டில்லாத வயர் பாதி வீட்டில்தான் இருந்தது. இரண்டு வீட்டுக்கு ஒரு நட்சத்திரம் என்று ஏற்பாடானது. ஈரமுள்ள பச்சை மூங்கிலைத் தள்ளிவிட்டு, கூரைக்குள் செருகியிருந்த காய்ந்த மூங்கில்களை எடுத்து வயரைத் தாங்க நட்டார்கள். வயர் மூங்கிலைத் தொடும் இடத்தில் அண்ணன் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். ஹோல்டரின் வாய் கீழே பார்க்க இருந்தது. அதன் தலையில் ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியைக் குடை மாதிரி கவிழ்த்தார். வீட்டுக்குள் நுழையும் முன் வயரைத் தொட்டில் போலத் தொங்கவிட்டார். “மழைத் தண்ணி அதோட ஓடிவந்து இங்கயே சொட்டிடும். உள்ள வராது.”

நல்லக்கண்ணு மாமா வீட்டு வயர் முழுக்க ஒட்டு. அவர் வாசலில் அந்த வருடம் நட்சத்திரம் இல்லை. ஆனாலும் அவர் அண்ணனுக்கு ஏணி பிடித்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார்.

கடைசியில்தான் அண்ணன் கட்டைகளைத் திருப்பித் தந்தார். அடிக்கடி அறுகிறதென்று பல வீடுகளில் பியூசில் தடித்த கம்பியைத் திரித்துப் போட்டிருந்தார்கள். அதையெல்லாம் எடுத்தெறிந்து, மயிர் போன்ற ஒற்றை இழையைக் கட்டினார். “இது அறுந்துச்சுன்னா என்னையக் கூப்பிடுங்க. திரிச்சுப் போட்டீங்கன்னா அடக்கம் பண்ண சாமியாரைக் கூப்பிடுங்க.”

பாட்டுக்குழு வந்தபோது நல்ல மழை. தெருவில் பத்தொன்பது நட்சத்திரங்கள் எரிந்தன. முந்தின வருடத்தில் பாதிதான். ஒன்றும் அணையவில்லை.

மறுநாள் கிறிஸ்துமஸ் காலை. சாமியார் பூசைக்கு வருவதற்குள் பிள்ளைகளின் துணியை அலசி வாசலுக்குக் கொண்டுவந்தேன். இரும்புக் கம்பியை அவிழ்த்துவிட்டு என் வீட்டுக்காரர் தேங்காய் நார்க் கயிறு கட்டியிருந்தார். ஆனாலும் என் கை அதன் பக்கம் போகவில்லை. பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டார். எழுந்து வந்து, ஈரக் கையால் அந்தக் கயிற்றை மரம் வரைக்கும் தடவிக்கொண்டே போனார். திரும்பி வந்து, “ஒண்ணுமில்ல. போடு” என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் ஆண்கள் கொடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சுட்ட அதிரசம் ஆறு இருந்தது. நாலை இலையில் மடித்து இராஜாங்கம் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணியிடம் கொடுத்துவிட்டு, “இன்னிக்கு ஆம்பளைங்கதான் மொதல்ல கொடியைத் தொட்டுப் பாத்தாங்கன்னு அண்ணங்கிட்டச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன்.